கடைமடைக்கு வராத ஆராய்ச்சிப் பணம்

ஆரணியில் பொழுது விடிந்ததும் முதலில் கேட்பது தறிச் சத்தம். முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றியுள்ள ஊர்களிலும் அப்படித்தான். குழியில் காலை இறக்கி உட்கார்ந்த நெசவாளி பொழுது சாயும்வரை அங்கேதான் இருக்கிறார். மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போகிறது. இழையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிறது. பாவில் இழை அறுந்தால் அதைப் பிணைக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி இல்லை. சேலை முடிந்தால்தான் காசு.

அவரிடம் போய், "பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு சர்க்கார் எவ்வளவு கொடுக்கிறது, எந்த ஊருக்குக் கொடுக்கிறது, தெரியுமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "போப்பா, பட்டு நூல் என்ன விலை விக்குதுன்னு கேளு, கூலி என்னான்னு கேளு, சொல்றேன். காலேஜ் சமாச்சாரம் நமக்கெதுக்கு?" என்பார். ஆலைத் தொழிலாளியும் இதையே சொல்வார். வயலில் நாற்று நடும் தாய்மாரும் இதையே சொல்வார்கள்.

அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வயிறு காயும்போது வேறு எதுவும் காதில் ஏறாது. ஆனாலும் தோழர்களே, இது காலேஜ் சமாச்சாரம் மட்டுமல்ல. நம் மடியிலிருந்து போகும் காசின் சமாச்சாரம். கடையில் வாங்கும் சோப்புக் கட்டியிலும், எண்ணெய்ப் பொட்டலத்திலும், தறிக்கு வாங்கும் நூலிலும் நாம் வரி கட்டுகிறோம். பணக்காரன் கட்டும் அதே விகிதத்தில் கட்டுகிறோம். அந்தக் காசில் ஒரு பங்குதான் ஆராய்ச்சிக்குப் போகிறது. கட்டியவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை இல்லையா?

நூறு ரூபாயில் அறுபத்து நாலு காசு

கணக்கைப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் விஞ்ஞானத் துறையே வெளியிட்ட கணக்கு இது. 2020-21-ம் ஆண்டில் இந்தியாவில் ஆராய்ச்சிக்காகச் செலவானது சுமார் 1,27,381 கோடி ரூபாய். பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தி நூறு ரூபாய் என்றால், அதில் ஆராய்ச்சிக்குப் போனது 64 காசுதான். சீனாவில் இது இரண்டரை ரூபாயை ஒட்டி இருக்கிறது. தென் கொரியாவில் நாலரை ரூபாய்க்கும் மேல்.

இந்த 64 காசும் எப்படிப் பங்காகிறது? ஆராய்ச்சிச் செலவை நூறு ரூபாயாக வைத்துக்கொண்டால், மத்திய சர்க்காரின் துறைகள் 43 ரூபாய் 70 காசு. தனியார் கம்பெனிகள் 36 ரூபாய் 40 காசு. பொதுத்துறைத் தொழில்கள் 4 ரூபாய் 40 காசு. எல்லா மாநில சர்க்கார்களும் சேர்ந்து 6 ரூபாய் 70 காசு. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அடங்கிய உயர்கல்வித் துறைக்கு 8 ரூபாய் 80 காசு. மத்திய சர்க்காரின் பங்கில் ராணுவ ஆராய்ச்சியும் விண்வெளியும் அணுசக்தியும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

ஆக, நாட்டில் ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணம் குறைவு. அதில் பல்கலைக்கழகத்துக்கு வருவது அதைவிடக் குறைவு. அந்தக் குறைவான பணமாவது ஊருக்கு ஊர் சமமாகப் போகிறதா?

எண்பத்தொரு பிள்ளைகளுக்குப் பதினொரு ரூபாய்

நம் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? 2025 பிப்ரவரியில் நிதி ஆயோக் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் உயர்கல்வி படிக்கும் நூறு மாணவர்களில் 81 பேர் மாநில சர்க்காரின் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் படிக்கிறார்கள் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. நெசவாளியின் மகனும், விவசாயத் தொழிலாளியின் மகளும் இந்த 81 பேரில்தான் இருக்கிறார்கள்.

இனி, பணம் எங்கே போயிற்று என்று பாருங்கள். விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி வாரியம் என்று 2008-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு ஸ்தாபனம் இருந்தது. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் பணம் பங்கிடும் முக்கியமான வாசல்களில் அது ஒன்று. அந்த வாரியத்தின் நிதியில் நூற்றுக்கு 65 பங்கு ஐ.ஐ.டி.க்களுக்குப் போகிறது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போவது 11 பங்குதான் என்று 2023-ல் மத்திய விஞ்ஞான அமைச்சரே ஒப்புக்கொண்டார்.

எண்பத்தொரு பிள்ளைகளுக்குப் பதினொரு ரூபாய்! இதற்கு அமைச்சர் சொன்ன காரணம், ஐ.ஐ.டி.க்களில் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் என்பது.

காரணம் சரிதான். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர் ஏன் குறைந்து போனார்கள்? அதே நிதி ஆயோக் அறிக்கை விடை சொல்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பதவிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் காலி. நல்ல ஆராய்ச்சி வசதி உள்ளவை பத்தில் ஒன்று. ஆளை நியமிக்காமல், கருவி வாங்கிக் கொடுக்காமல், "உன்னிடம் ஆராய்ச்சி இல்லை, ஆகவே பணமும் இல்லை" என்றால், இது எந்த ஊர் நியாயம்?

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இது புதிதல்ல. ஏரி மதகைத் திறந்தால் தலைமடைக்காரன் வயல் முதலில் நிரம்பும். அவன் வரப்பை அடைத்து வைத்துக்கொண்டால் கடைமடையில் பயிர் காயும். பயிர் காய்ந்த பிறகு, "கடைமடையில் விளைச்சலே இல்லை, அங்கே தண்ணீர் விட்டு என்ன பிரயோசனம்?" என்று தலைமடைக்காரனே பஞ்சாயத்தில் பேசுவான். ஆராய்ச்சிப் பணத்திலும் இந்தப் பேச்சுத்தான் நடக்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் உள்ள வித்தியாசத்தையும் பார்க்கவேண்டும். உயர்கல்விக்குச் செலவிடுவதில் மகாராஷ்டிரம் 11,421 கோடி, பீகார் 9,666 கோடி, தமிழ்நாடு 7,237 கோடி என்று முன் வரிசையில் நிற்கின்றன. மறு கோடியில் சிக்கிம் 142 கோடி, அருணாசலப் பிரதேசம் 155 கோடி, நாகாலாந்து 167 கோடி. சிறிய மாநிலங்களுக்குச் செலவு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மலைநாட்டு மூங்கிலையும் மண்ணையும் நோயையும் ஆராய்வதற்குக் கருவியும் ஆளும் விலை குறைத்துக் கிடைக்குமா?

நம் தமிழ்நாடு மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்று மார் தட்டிக்கொள்ளவும் வழியில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே தலைமடையும் கடைமடையும் உண்டு. சென்னையில் 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி. இருக்கிறது, 1978-ல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் வட்டாரக் கல்லூரிகளுக்குத் தாயாக உள்ள வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பிறந்ததே 2002-ல்தான். பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் கதியும் நன்றாக இல்லை. 1857-ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாங்குக் கணக்குகளை, 424 கோடி ரூபாய் வரிப்பாக்கி என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஊழியர்கள் மாதச் சம்பளத்துக்காகப் போராட வேண்டி வந்தது. சம்பளத்துக்கே திண்டாடும் இடத்தில் ஆராய்ச்சி எங்கிருந்து வரும்? மத்திய சர்க்காரைக் குறை சொல்லும்போது மாநில சர்க்காரின் பொறுப்பையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

புழுவுக்கு உண்டு, தறிக்கு?

"சரி, பணம் வந்தால்தான் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

ஆரணிப் பட்டு எதனால் ஆனது? பட்டு நூலால். நூல் புழுவினால். புழு மல்பெரி இலையால். இந்த இலைக்கும் புழுவுக்கும் ஆராய்ச்சி நடந்தது. 1948-ல் சட்டப்படி மத்திய பட்டு வாரியம் அமைந்தது. மைசூரில் அதன் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே உருவாக்கிய வி-1 என்ற மல்பெரி ரகம் 1990-களின் பிற்பகுதியில் வெளிவந்து, இன்று தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பரவியிருக்கிறது. மஞ்சள் கூடு கட்டும் பழைய கலப்பினத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக் கூடு கட்டும் இருபருவப் புழுக்களும் அங்கே உருவாயின. 2023-24-ல் இந்தியாவின் கச்சாப் பட்டு உற்பத்தி 38,913 டன். உலகில் சீனாவுக்கு அடுத்த இடம். பொதுப்பணம் ஒழுங்காகப் போனால் காரியம் நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் அந்த நூல் ஆரணித் தறிக்கு வந்த பிறகு? புழுவுக்கும் இலைக்கும் கிடைத்த கவனம், தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குக் கிடைக்கவில்லை. குழியின் ஈரம் முழங்காலை என்ன செய்கிறது? எத்தனை மணி நேரத்துக்கு மேல் சரிகை இழையைப் பார்த்தால் கண் கெடும்? கோடைக் காற்றில் பாவு வறண்டு இழை அறுவதை எப்படித் தடுப்பது? ஜக்கார்டுப் பெட்டியைத் தூக்கும் பளுவைக் கால் தாங்கும் அளவுக்கு எப்படிக் குறைப்பது? சாயப் பட்டறைத் தண்ணீரைச் சின்னச் செலவில் சுத்தம் செய்ய என்ன வழி? விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறி என்று விற்பவனைக் கடையிலேயே எப்படிப் பிடிப்பது? இந்தக் கடைசிக் கேள்வி நம் வயிற்றில் அடிக்கும் கேள்வி. 1985-ல் கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். முதலில் 22 ரகங்கள். பிறகு அதை 11 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பதினொன்றையும் காப்பாற்றக் கண்டுபிடிக்கும் வழி எளிதாக இருக்கவேண்டாமா?

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே. இத்தனை பேர் பாடுபடும் தொழில், ஆராய்ச்சிப் பட்டியலில் எந்த மூலையில் கிடக்கிறது?

ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து தறி வீடு எட்டிப்பிடிக்கும் தூரம். அந்தக் கல்லூரிக்கு ஒரு தறிக்கூடமும், ஒரு சாயச் சோதனைக் கூடமும், நாலு நிரந்தர ஆராய்ச்சியாளரும் கொடுத்தால், மேலே சொன்ன கேள்விகளில் பாதிக்கு விடை காண முடியாதா?

ஜப்பான் செய்தது என்ன?

பட்டு ஊரில் பட்டு ஆராய்ச்சி என்பது நடக்காத கனவல்ல. ஜப்பானில் நகானோ மாகாணத்தில் உவேதா என்று ஒரு பட்டு நகரம். 1910-ல் அந்த ஊரிலேயே பட்டுத் தொழிலுக்கென்று ஓர் உயர்தரக் கல்லூரியை அந்நாட்டு சர்க்கார் திறந்தது. இன்றும் அது ஷின்ஷூ பல்கலைக்கழகத்தின் நெசவு விஞ்ஞானப் பிரிவாக அதே ஊரில் நடக்கிறது. 1906-ல் டொயாமா என்ற விஞ்ஞானி, இரண்டு இனப் புழுக்களைக் கலந்த முதல் தலைமுறை அதிகம் நூல் தரும் என்று காட்டினார். சில ஆண்டுகளுக்குள் சர்க்காரே முட்டை வித்துகளை உற்பத்தி செய்து குடியானவர்களுக்குக் கொடுத்தது. ஜப்பான் பட்டு உலகச் சந்தையைப் பிடித்தது.

அமெரிக்காவிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1887-ல் அங்கே ஹாட்ச் சட்டம் என்று ஒன்று வந்தது. விவசாய ஆராய்ச்சி நிலையம் நடத்த ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருஷத்துக்கு 15,000 டாலர். பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற பேதமில்லை. யாரும் தலைமடைக்காரனிடம் போய்க் கையேந்த வேண்டியதில்லை. சட்டமே பங்கை நிர்ணயித்தது.

ஆனால் ஜப்பான் கதையை அங்கேயே நிறுத்தக் கூடாது. அதே பட்டு ஆலைகளில் நூல் இழைத்த ஏழைக் குடியானவர் வீட்டுப் பெண்கள் விடிகாலை முதல் இரவு வரை கொதிநீரில் கைவிட்டு வேலை செய்தார்கள், காசநோயால் மடிந்தார்கள். புழு முன்னேறியது, பட்டு முன்னேறியது, அந்தப் பெண்ணின் கூலி முன்னேறவில்லை.

இதே பாடம் நம் மண்ணிலும் ரத்தத்தால் எழுதப்பட்டிருக்கிறது. கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கிய கலப்பு வேலையின் பயனாக, ஜப்பானிய ரகத்தையும் நம் கோயமுத்தூர் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து உருவான நெல் ஆடுதுறை 27. அது 1965-ல் தஞ்சைக் குறுவைக்கு வந்தது. விளைச்சல் பெருகியது. பெருகிய நெல்லில் அறுத்தவனுக்கு என்ன பங்கு? அந்தக் கேள்வியைக் கேட்ட தஞ்சை மண்ணில், 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில், 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

விஞ்ஞானத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. வெள்ளைப் பொன்னி நெல் 1986-ல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வராவிட்டால் ஆரணி அரிசி ஆலைகளுக்கு இன்றைய பேர் ஏது? ஆனால் விஞ்ஞானம் தானாக ஏழை வீட்டுக் கதவைத் தட்டாது. யார் கேள்வி கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது விடை சொல்லும். ஆலைத் தோழர்களுக்கு இது அனுபவம். ஆலை முதலாளிகள் சேர்ந்து 1956-ல் கோவையில் நூற்பாலை ஆராய்ச்சிச் சங்கம் வைத்தார்கள். நூலின் தரத்தை உயர்த்த அது நல்ல வேலையும் செய்தது. அதோடு, நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி போதும் என்ற அளவுகோலையும் வகுத்தது. "ஓர் ஆள் இன்னும் எத்தனை கதிர் பார்க்கலாம்?" என்று நிர்வாகம் கேட்கும்போது விஞ்ஞானம் விடை சொன்னது. "இந்தப் பஞ்சுத் தூசியை எத்தனை வருஷம் சுவாசித்தால் நுரையீரல் போகும்?" என்று தொழிலாளி கேட்கும்போதும் அதே சுறுசுறுப்போடு விடை வரவேண்டாமா?

இனி வரும் பணம் யாருக்கு?

இப்போது புது ஏற்பாடு வந்திருக்கிறது. 2023-ல் பார்லிமெண்டில் சட்டம் போட்டு, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒன்றை அமைத்தார்கள். பழைய வாரியம் அதற்குள் அடங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி என்று முழங்கினார்கள். அதில் சர்க்கார் கொடுப்பது 14,000 கோடிதான். மீதி 36,000 கோடி கம்பெனிகளிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வரவேண்டுமாம். 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மந்திரிசபை சம்மதம் தந்தது. அது தனியார் துறை ஆராய்ச்சி செய்ய, குறைந்த வட்டிக்கும் வட்டியே இல்லாமலும் நீண்ட காலக் கடன் கொடுப்பதற்கு.

நெசவாளி தறிக்குக் கடன் கேட்டால் ஜாமீன் கேட்கும் நாட்டில், கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன்! காசு கொடுப்பவன்தான் கேள்வியையும் தேர்ந்தெடுப்பான். முழங்கால் வலிக்கு எந்தக் கம்பெனி காசு கொடுக்கும்?

புது நிறுவனத்தில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. பெரிய ஸ்தாபனங்களை மையமாகவும், மாநிலப் பல்கலைக்கழகங்களை ஆரக்கால்களாகவும் வைத்துச் சேர்ந்து ஆராய்ச்சி செய்யும் திட்டம் அது. வரவேற்கிறோம். ஆனால் ஆரக்கால் என்றைக்கும் மையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டுமா? கடைமடைக்குத் தனி மதகு கூடாதா?

ஆராய்ச்சி மாணவர்களின் நிலையையும் சொல்லவேண்டும். தேசியத் தேர்வில் தேறி இளநிலை ஆராய்ச்சி உதவி பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காதவர் மத்திய பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தால் மாதம் 8,000. அதே படிப்பை மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு அந்த எட்டாயிரமும் கிடையாது. மாநில உதவித்தொகை ஒரு சிலருக்கே எட்டுகிறது. மற்றவர்கள் அப்பாவின் தறிக் கூலியில் ஆராய்ச்சி செய்கிறார்கள். தறிக்குழியின் வேதனை தெரிந்த அந்தப் பெண்ணால்தான் தறியை மாற்றும் கேள்வியைக் கேட்க முடியும். அவளைப் பாதி வழியில் வீட்டுக்கு அனுப்புவது அவளுக்கு மட்டுமா நஷ்டம்?

என்ன கேட்போம்?

மத்திய ஆராய்ச்சி நிதியில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பங்கைச் சட்டமே நிர்ணயிக்கவேண்டும். காலியான ஆசிரியர் பதவிகளை மாநில சர்க்கார் நிரந்தரமாக நிரப்பவேண்டும். மத்திய பல்கலைக்கழக மாணவருக்கு உள்ள உதவித்தொகை மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கும் வேண்டும். ஆரணியில் பட்டு நெசவு ஆராய்ச்சிக் கூடம் ஒன்று வேண்டும். அதில் எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் குழுவில் நெசவாளியும் ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் உட்காரவேண்டும். கண்டுபிடித்ததைத் தமிழில் எழுதித் தறி வீட்டுக்கும் களத்துமேட்டுக்கும் கொண்டுவந்து சேர்க்கவேண்டும்.

இவை தானாக வரா. அடுத்த சங்கக் கூட்டத்தில், கூலிப் பிரச்னையைப் பேசி முடித்த பிறகு, ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். "நம் வேலையில் நமக்கு விடை தெரியாத கஷ்டம் எது?" என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். படித்த பிள்ளை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அந்தக் காகிதத்தைக் கல்லூரிக்கும், பல்கலைக்கழகத்துக்கும், ஓட்டுக் கேட்டு வந்த பார்லிமெண்ட் மெம்பருக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புங்கள். நேரில் போய்க் கேளுங்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், மண்வெட்டியோடு நாலு பேர் வாய்க்கால் கரையில் நடந்துபோய் மதகடியில் நிற்கவேண்டும். அப்படி நின்ற ஊருக்குத்தான் தண்ணீர் வந்திருக்கிறது.